வட்டத்தை அழித்த பஞ்சு

"இதுல இன்னும் பார்க்க என்ன மேடம் இருக்கு? ஏன் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்புனீங்க?"

கேட்டவன் பரிதி. ஆஸ்பத்திரியில் திசுக்களைச் சோதித்து நோயைச் சொல்லும் துறையில் மேற்படிப்பு படிக்கிற டாக்டர்.

துறைத்தலைவர் வடிவாம்பாள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சென்னியப்பன். சாயப்பட்டறையில வேலை. மூத்திரப்பையில புற்றுநோய், வெளியவும் பரவியாச்சு. மரபணு சோதனையும் வந்தாச்சு, ஒரு ஜீன் கெட்டுப்போயிருக்கு. அந்த ஜீன் என்ன சொல்லுதுன்னு சொல்லட்டுமா?"

பரிதிக்கு யார் குரலும் வரும். டீனின் இருமல் வரும், லிஃப்ட் கதவின் முனகல்கூட வரும். கெட்டுப்போன ஜீனுக்கு மட்டும் வராதா? வில்லன் போலக் கரகரத்தான்.

"பிரேக் போடறதுதான்டா என் வேலை. அந்தப் பிரேக்கே இப்ப இல்ல. எவன் நிறுத்துவான்? ஹ்ஹா!"

பக்கத்து மேஜையில் டெக்னீஷியன் ரோஸ்லின் சிரித்துவிட்டாள். மேடம் உதட்டிலும் லேசாக ஏதோ நெளிந்தது.

"காவல் செல்?" என்றார் மேடம்.

நோயோடு சண்டை போட உடம்பு அனுப்புகிற செல்கள் அவை. சாயம் ஏற்றினால் பழுப்பாகத் தெரியும். கட்டியில் அவை நிறைய இருந்தால், எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்புகிற மருந்து பலிக்க வாய்ப்பு கூடுதல்.

பரிதி தூங்குமூஞ்சி வாட்ச்மேனாக மாறி ஒரு கொட்டாவி விட்டான்.

"ஆளே இல்லீங்க சார். அத்தனை பேரும் லீவு."

அப்புறம் சொந்தக் குரலுக்கு வந்தான்.

"ரெண்டு சாட்சியும் அவருக்கு எதிரா நிக்குது மேடம். நாளைக்கு டாக்டர்கள் கூட்டத்துல நம்ம ரிப்போர்ட்டை வச்சுத்தான் முடிவு. ஒண்ணு அந்த மருந்து, இல்லேன்னா வலி மாத்திரையோட வீடு. பொய்யா நம்பிக்கை எழுதச் சொல்றீங்களா?"

"வேண்டாம். ஸ்லைடை எடுத்துட்டு வா."

கொண்டுவந்தான்.

மேடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளியின் சதைத்துண்டு ஒட்டிய எந்த ஸ்லைடையும் கையில் வாங்கியதும் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார். கேன்டீனில் பரிதி பிஸ்கட்டை வைத்து அதைச் செய்து காட்டுவான். "மேடம் பண்ணு, மேடம் பண்ணு" என்று கூட்டம் கூடும்.

ஒற்றிக்கொண்டார். மைக்ரோஸ்கோப்பில் வைக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியில் கறுப்பு மையால் ஒரு வட்டம்.

"இது யார் போட்டது?"

"நான்தான். ஜீன் சோதனைக்கு, நோய் செல் நெருக்கமா இருக்கிற நடு இடத்தைத்தானே வட்டம் போட்டுக் கொடுப்போம்? அதே இடத்தை இதுலயும் வட்டம் போட்டு, உள்ளே இருக்கிற காவல் செல்லை எண்ணினேன். கணக்கு சுத்தமா இருக்கும்ல."

"உன் ஜீன், வாட்ச்மேன் எல்லாரும் பேசி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு மேடம்."

வடிவாம்பாள் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தார். ஒரே துடைப்பு. வட்டம் போயிற்று.

"பாரு."

பரிதி குனிந்தான். மேடம் டீயைக் குடித்தார்.

கட்டியின் நடு. அவனுக்குத் தெரிந்த இடம்தான். பழுப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஸ்லைடை நகர்த்தினான். எங்கே நிறுத்துவது என்று சொல்ல இப்போது கோடு இல்லை. நகர்ந்துகொண்டே போனது.

கட்டியின் விளிம்பு வந்தது.

பழுப்பு. பழுப்புக்கு மேல் பழுப்பு. தியேட்டர் கேட் திறக்கட்டும் என்று நெருக்கியடித்து நிற்கிற கூட்டம் மாதிரி. சில இடங்களில் கேட்டில் ஏறிக் குதித்து உள்ளேயே போயிருந்தன.

பரிதி வாயைத் திறந்தான். எந்தக் குரலும் வரவில்லை.

"மேடம்... பிழைச்சுக்குவாரா?"

"தெரியாது."

"அப்ப என்ன எழுத?"

"ஓரத்துல காவல் செல் கூட்டமா நிக்குதா?"

"நிக்குது."

"எழுது."

எழுதினான். மரபணு கெட்டிருப்பதை அப்படியே விட்டான். அதன் கீழே விளிம்பில் கண்டதை எழுதினான்.

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்தத் துண்டை எடுக்கிறப்போ சென்னியப்பன் என்ன சொன்னாராம் தெரியுமா? ஆபரேஷன் பண்ணின டாக்டர் சொன்னார்." மேடத்துக்கு மிமிக்ரி சுத்தமாக வராது. இருந்தும் முயன்றார். "'எடுக்கறதுதான் எடுக்கறீங்க, பாக்கறவங்களுக்குப் பத்தற மாதிரியே எடுத்துக்கோங்க சாமி. அவங்களும் கண்ணு நோகப் பாக்கோணுமில்ல.'"

குரல் கொஞ்சமும் பொருந்தவில்லை. ரோஸ்லின்கூடச் சிரிக்கவில்லை.

"அதான் துண்டு, கட்டியோட ஓரத்தையும் சேர்த்து வந்திருக்கு" என்றார் மேடம். எழுந்து வகுப்பெடுக்கப் போய்விட்டார்.

பரிதி ஸ்லைடை எடுத்தான். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு ஒரு கண்ணில் ஒற்றினான். அடுத்த கண்ணில் ஒற்றினான்.

ரோஸ்லின் நிமிர்ந்து பார்த்துக் கைதட்டினாள்.

"அச்சு அசல் மேடமேதான் சார்! இன்னொரு தடவை பண்ணுங்க, ப்ளீஸ்!"

பரிதி பண்ணினான். கையில் அடுத்த நோயாளியின் ஸ்லைடு.