வெள்ளியாறு அனுப்பிய எதிர்சீர்

முன்னொரு காலத்தில் மருங்கூர் நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் ஓர் ஆணை போடுவார். மத்தியானச் சாப்பாடு பிடிக்காவிட்டால் அதை ரத்து செய்வார். சட்டம் செய்து கொடுக்க அவருக்கு ஒரு சபை இருந்தது. சபையில் இருந்த பிரதானிகள் எல்லோரும் மகா புத்திசாலிகள். ஒரு வேலையைச் செய்யாமல் இருக்க அவர்கள் கண்டுபிடித்த காரணங்களை அடுக்கினால் கோட்டை மதிலைவிட உயரமாக நிற்கும்.

அந்தச் சபையில் மாட்டிக்கொண்டு முழித்த மந்திரிதான் திருமலைக்கொழுந்து. பாவம், அவர் ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தார். மட்குகிற குப்பை வயலுக்கு உரமாகப் போகணும், உடைந்த செம்பும் இரும்பும் உலைக்குப் போய் மறுபடி பாத்திரமாகணும், வெள்ளியாற்றில் மட்டும் யாரும் எதையும் கொட்டக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். சபை கூடும்போதெல்லாம் எடுத்து நீட்டுவார். "அருமை, அருமை" என்று பாராட்டி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார்கள்.

ஏன் தள்ள மாட்டார்கள்? பிரதானிகள் வீட்டுக் கழிவெல்லாம் அவரவர் படித்துறை வழியாக ஆற்றுக்குத்தான் போனது. அதிலும் ஏகாம்பரப் பிரதானிக்குச் சாயப்பட்டறை வேறு. அங்கே என்ன நிறம் முக்குகிறார்களோ, அன்றைக்கு ஆறும் அந்த நிறம். மந்திரி பதவி தனக்கு வரவேண்டியது என்ற வயிற்றெரிச்சலும் அவருக்கு உண்டு.

ஆறு முடிகிற கடைமடை ஊரில்தான் மந்திரியின் தங்கை செண்பகம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்று ஆள் வந்து சொன்ன அன்று மந்திரிக்குப் பொறுமை போய்விட்டது. நேரே சபைக்குப் போனார்.

"மகாராஜா, கடைமடையில பிள்ளைங்க சாகக் கிடக்குதுங்க. இன்னைக்காவது சட்டத்துல முத்திரை வையுங்க!"

ஏகாம்பரம் வெற்றிலையை மென்றபடி சிரித்தார். "மந்திரியாரே, ஆத்துக்கே இல்லாத கஷ்டம் உமக்கென்ன? அது என்னைக்காவது சபைக்கு வந்து அழுதுச்சா?"

ராஜாவுக்கு இது பிடித்துப்போனது. "அதானே! ஆறே முறையிடட்டும், சட்டம் போட்டுடறேன். ஆடிப்பெருக்கு வரைக்கும் தவணை. முறையிடலேன்னா உம்ம மந்திரி மோதிரத்தைக் கழட்டி ஏகாம்பரத்துக்குக் கொடுத்துடணும், அந்தச் சட்ட ஓலையையும் கொளுத்திடணும். சரியா?"

"சரி, மகாராஜா" என்றார் மந்திரி. பதவி போனால் போகட்டும். ஓலை போனால் அந்தக் குழந்தைகளுக்கு வேறு நாதியில்லை.

ஆடிப்பெருக்கு வந்தது. அந்த நாட்டில் ராஜா வெள்ளியாற்றுக்கு அண்ணன் முறை. மேளதாளத்தோடு போய், பட்டும் வளையலும் காதோலை கருகமணியும் தட்டில் வைத்து ஆற்றில் விடுவார். அன்றும் விட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். தட்டு மிதந்து போனதுதான் தாமதம், ஆற்று நடுவிலிருந்து இன்னொரு மேளச்சத்தம்! வரிசையாகப் படகுகள், படகு நிறையப் பட்டுத்துணி மூடிய தாம்பாளங்கள். முதல் படகில் மந்திரி நின்றார்.

"மகாராஜா, அண்ணன் சீர் கொடுத்தா தங்கச்சி வெறுங்கையோட அனுப்புவாளா? எதிர்சீர் கொடுத்து விட்டிருக்கா. சபையில எல்லாருக்கும் தனித்தனியா!"

பரிசு என்றதும் ராஜாவுக்கு வாயெல்லாம் பல். எதிர்சீர் வாங்க அந்த நாட்டில் ஒரு முறை உண்டு. ஊர் முன்னால் தட்டைத் திறந்து, துணியைத் தோளில் போட்டு, சந்தனம் பூசி, பானகம் குடித்துத்தான் எழுந்திருக்கணும். மறுத்தால் உறவு அறுந்தது என்று அர்த்தம். ஆற்றோடு உறவறுத்த ராஜாவை எந்தக் குடியானவன் மதிப்பான்?

"எனக்குத்தான் பெரிய தட்டு!" என்று மற்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார் ஏகாம்பரம். பட்டை விலக்கினார். ஐயோ, அந்த நாற்றம்! உள்ளே அவருடைய பட்டறைக் கந்தல். சந்தனக் கிண்ணத்தில் நீலச் சேறு. மற்றவர்களும் திறந்தார்கள். ஒருவருக்கு அவர் வீட்டு விருந்தின் எச்சில் இலை, இன்னொருவருக்கு அவர் தொழுவத்துக் கூளம். வேறொன்றுமில்லை, மந்திரி மீனவர்களிடம் சொல்லி ஒவ்வொரு படித்துறைக்குக் கீழேயும் வலை கட்டி வைத்திருந்தார். ராஜாவின் தட்டில்? போன வருஷம் அவர் விட்ட அதே பட்டு, அழுகி, அரண்மனை அடுப்படிக் கழிவோடு சுருண்டு கிடந்தது.

"இந்தச் சொம்புல என்ன?" என்றார் ராஜா, மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"பானகம், மகாராஜா. கடைமடையில அள்ளின ஆத்துத் தண்ணி. என் தங்கச்சி பிள்ளை குடிச்சது இதைத்தான்." மந்திரி சொம்பை ராஜாவின் பக்கம் நகர்த்தினார். "ஆறு வாய்விட்டு அழலை. நாம போட்டதை அப்படியே பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கு. இதைவிட எப்படி முறையிடும்?"

ராஜா சொம்பைப் பார்த்தார். ஜனத்தைப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. "குடிக்காம தப்பிக்க வழியே இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருக்கு. உங்க தங்கச்சி இந்த ஆத்தோட குறையைத் தீர்த்துட்டு வந்து குடிக்கிறேன்னு ஊர் முன்னால சொல்லலாம்."

"சட்டத்துக்குச் சம்மதம்!" என்று முதலில் கத்தியது யார் தெரியுமா? ஏகாம்பரம்தான்! ஆராயணும், அவகாசம் வேணும் என்று ஒரு குரல் எழவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றபடியே ராஜா ஓலையில் முத்திரை வைத்தார். ராஜாவின் ஆணைப்படி ஏகாம்பரம் அந்தக் கந்தலைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தார்.

ராஜா மந்திரியைத் தழுவிக்கொண்டார். "கேளும், என்ன வேணும்? யானையா, ஊரா?"

"சபையில நாம குடிக்கிற தண்ணி இனிமே கடைமடையிலேர்ந்து வரட்டும், மகாராஜா. அது போதும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆகட்டும்! ஏகாம்பரத்துக்குப் பெரிய குவளையா பார்த்து வையுங்க."

அடுத்த கூட்டத்தில் ஏகாம்பரம் குவளையை வாய்வரை கொண்டுபோவதும் கீழே வைப்பதுமாக நெளிந்தார். சபை கலையும் முன்பே ஆள் அனுப்பிப் பட்டறை வாய்க்காலை அடைக்கச் சொன்னார். மற்ற பிரதானிகளும் வீட்டுக்கு ஓடிப்போய்க் குப்பையைப் பிரித்தார்கள். தண்ணீர் மெல்லத் தெளிந்தது. செண்பகத்தின் பிள்ளையும் தேறி, தவழ ஆரம்பித்தது.

பிரதானிகளுக்கு ஆற்றின் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்குத் தாகம் எடுத்தது, அவ்வளவுதான்.