அணைக்காத கம்ப்யூட்டர்

முதலாளி தணிகாசலம் தும்மினாலே அச்சகம் நடுங்கும். கிழட்டுக் கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னவனையும் விரட்டினார். பொறுக்கச் சொன்னவனையும் விரட்டினார்.

ஆயுத பூஜையன்று, டைப் அடிக்கும் செண்பகம் மாட்டினாள்.

“இப்பவே புதுசு வாங்கவா, பொறுக்கவா? தப்பாச் சொன்னே, நாளைலேருந்து வராதே!”

அவள் குங்குமத்தை நீட்டினாள்.

“பூஜைக்கு எல்லா மெஷினையும் நிறுத்தியாச்சு, முதலாளி. இதை மட்டும் பயந்துக்கிட்டு யாரும் அணைக்கிறதே இல்ல. உங்க கையாலயே அணைச்சுப் பொட்டு வைங்க. நாளைக்கு உயிர் வந்தா பொறுக்கலாம்.”

ஊர்க் கல்யாணப் பத்திரிகையெல்லாம் அதற்குள்தான். முதலாளியின் விரல் சுவிட்சு வரை போய்த் திரும்பி வந்தது.

“உயிர் வராட்டி?”

“நீங்க கேட்டதுக்கு உங்க விரலே பதில் சொல்லிடுச்சே, முதலாளி!”

ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கே பொட்டு வைத்துவிட்டு, முதலாளி செருப்பைக்கூட மாட்டாமல் புதியது வாங்கக் கடைக்கு ஓடினார்.