மண்டி வழக்கம்

திண்டுக்கல் வெங்காய மண்டி முதலாளி சடையப்பன் அதட்டினால் லாரியே ஒதுங்கி நிற்கும். அவர் ஒருநாள் மனைவிக்குத் தெரியாமல் எடுத்துவந்த அவளுடைய வளையலை, வெங்காயம் தரம் பிரிக்கும் பொன்னழகுவிடம் நீட்டினார்.

"சீட்டாட்ட ஆப்புல ஆறு லட்சம் ஜெயிச்சிருக்கேன். முதல்ல வரி கட்டினாத்தான் பணத்தை விடுவாங்களாம். ஓடிப்போய் இதை அடகு வச்சுட்டு வா!"

"நாம விவசாயிக்கு, வித்த பணத்துலயே கமிஷனைக் கழிச்சுக்கிட்டுத்தானே மீதியைக் குடுக்கறோம், மொதலாளி? அவங்களையும் அப்படியே கழிச்சுக்கச் சொல்லுங்களேன்."

"எனக்கே மண்டிப் பாடமா?" என்று மீசையை முறுக்கியவர், இருந்தாலும் அப்படியே எழுதி அனுப்பினார். உடனே ஆப்காரர்கள் ஆப்பில் இருந்த அவர் கணக்கையே முடக்கிவிட்டார்கள்.

மனிதர் மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். "வீட்டுல வளையலைத் தேடுவாளே..."

பொன்னழகு வளையலை முந்தானையால் அழுத்தித் துடைத்து அவர் கையில் வைத்தாள்.

"மெருகு போடக் குடுத்திருந்தேன்னு சொல்லுங்க. அம்மா சந்தோஷப்படுவாங்க."