இலைக்குறித் தெப்பமும் மீன்குறித் தெப்பமும்

காட்டாறு ஒன்று இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் ஓடி, மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. நடுவில் ஒரு திட்டு. அந்தத் திட்டில் முயல்கள் வாழ்ந்தன. மேட்டுப் புல்வெளியில் ஒரு கூட்டம். பள்ளத்தில், வேலமரங்களுக்கு அடியில் இன்னொரு கூட்டம்.

இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நீளக் காது, பிடரியில் ஒரே கறுப்பு, நெஞ்சுக்குள் ஒரே படபடப்பு. ஆனால் ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை. எந்தக் காலத்திலோ ஒரு பிடி அருகம்புல்லுக்காக வந்த சண்டை. அந்தப் புல் எத்தனையோ முறை காய்ந்து எத்தனையோ முறை முளைத்துவிட்டது. சண்டை மட்டும் வாடாமல் இருந்தது.

ஐப்பசி பிறந்தால் ஆறு பெருகும். திட்டு முழுகிப் போகும். அந்த வெள்ளத்தை எதிர்த்து நீந்த முயலால் முடியாது. அதனால் முயல்கள் மலையோரக் கரையில் இருந்த முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றியை நம்பியிருந்தன. முள்ளாண்டி மூங்கிலைப் பல்லால் அரிந்து, கொடியால் இறுக்கித் தெப்பம் கட்டும். கோடையில் ஆற்றில் மணல் தெரியும்போது முயல்கள் கிழங்கோடு வந்து, தெப்பத்தை இழுத்துக்கொண்டு போகும்.

முள்ளாண்டியின் வளைக்கு மேலே ஒரு மருதமரம். அதில் செங்கொண்டை என்ற மரங்கொத்தி குடியிருந்தது. கீழே நடப்பதெல்லாம் அதற்குத் தெரியும்.

முள்ளாண்டி முதன்முதலில் தெப்பம் கட்டிய வருடத்தைச் செங்கொண்டை மறக்கவே இல்லை. மேட்டு முயல்கள் முதலில் வந்து வாங்கிப் போயின. அடுத்த நாள் வேலமரத்து முயல்கள் வந்தன. தெப்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தன. அவற்றுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

"வேற யாரு வாங்கினாங்க?" என்று ஒரு கிழ முயல் கேட்டது.

"மேட்டுக்காரங்க வாங்கிட்டுப் போனாங்க," என்றது முள்ளாண்டி.

"அவங்க ஏறுற தெப்பத்துல நாங்க ஏறுறதா?" என்றது கிழ முயல். கொண்டுவந்த கிழங்கைத் திருப்பித் தூக்கிக்கொண்டு எல்லாம் போய்விட்டன.

அந்த ஐப்பசியில் மேட்டு முயல்கள் கரை சேர்ந்தன. வேலமரத்து முயல்கள் முள்ளுக் கிளைகளில் தொற்றிக்கொண்டு மூன்று நாள் கிடந்தன. ஐந்து குட்டிகளை ஆறு கொண்டுபோனது. செங்கொண்டை மேலே பறந்தபடி பார்த்தது. வேறொன்றும் செய்ய அதனால் முடியவில்லை.

அடுத்த கோடையில் முள்ளாண்டி அதைக் கூப்பிட்டது.

"தம்பி, நீ நல்லாக் கொத்துவியே. பாதித் தெப்பத்துல இலை மாதிரி ஒரு குறி போடு. மீதியில மீன் மாதிரி போடு."

"எதுக்கண்ணே? ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். ரெண்டு விதமா செய்யணும்னா ரெண்டு மூங்கில் காடு வேணும், ரெண்டு கோடை வேணும். எனக்கு இருக்கிறது ஒரு வாய். ஆனா அவங்க கேக்குறது வேற தெப்பம் இல்லப்பா. வேற பேரு. அதைக் கொடுத்துட்டா அவங்க குட்டிங்க பொழைச்சுக்கும். எனக்கும் கிழங்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் வரும்."

இதில் இரக்கம் எவ்வளவு, கிழங்கு எவ்வளவு என்று செங்கொண்டையால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் ஐந்து குட்டிகள் அதன் கண்ணுக்குள்ளேயே இருந்தன. அது கொத்திக் கொடுத்தது.

வேலமரத்து முயல்கள் மீன்குறித் தெப்பத்தைச் சந்தோஷமாக வாங்கிப் போயின. மேட்டு முயல்கள் இலைக்குறியை விடவில்லை. வருடங்கள் போகப் போக, செங்கொண்டை போட்ட குறிக்குள் முயல்கள் தாங்களாகவே குணங்களை ஏற்றிவிட்டன. அடுத்த கூட்டத்தின் தெப்பத்தை வேறு யாரோ கட்டுவதாகவே ஒவ்வொரு கூட்டமும் நம்பியது. இலைக்குறி லேசானது, சொன்னபடி திரும்பும் என்றன மேட்டு முயல்கள். மீன்குறி கனமானது, சுழலுக்கே அசையாது என்றன வேலமரத்து முயல்கள். மீனுக்குச் செதில் கொத்த நேரமாகிறது என்று முள்ளாண்டி ஒரு கிழங்கு கூடுதலாகக் கேட்டபோது, "நல்ல பொருள்னா அப்படித்தான்," என்று அதையும் கொடுத்தன. செங்கொண்டைக்குச் சிரிப்பு வரும். ஒரு குட்டியும் சாகவில்லையே என்று நினைத்ததும் சிரிப்பு அடங்கிவிடும்.

பிறகு ஒரு வருடம் கோடை மழை பொய்த்தது. மலையோரத்தில் முள்ளாண்டி வழக்கமாக எடுக்கும் கட்டுக்கொடி கருகிப் போனது. முள்ளாண்டி பாறை இடுக்கில் இருந்து ஏதோ மஞ்சள் கொடியை இழுத்து வந்து, அந்த வருடத் தெப்பங்கள் எல்லாவற்றையும் அதிலேயே கட்டியது.

"இது தாங்குமாண்ணே?" என்று கேட்டது செங்கொண்டை.

"காஞ்சா இரும்பாட்டம் இறுகும், பாரு," என்றது முள்ளாண்டி.

நனைந்தால் என்ன ஆகும் என்று அது சொல்லவில்லை. செங்கொண்டையும் கேட்கவில்லை. இலை கொத்தியது, மீன் கொத்தியது, பறந்து போய்விட்டது.

ஐப்பசியில் வெள்ளம் முதலில் பள்ளத்துக்கு வந்தது. மீன்குறித் தெப்பங்கள் ஒரு நாள் முழுதும் மழையில் ஊறிக் கிடந்தன. நான்கு முயல்கள் முதல் தெப்பத்தில் ஏறிப் புறப்பட்டன. நடு ஆற்றில் கொடி நெகிழ்ந்தது. மூங்கில்கள் ஒவ்வொன்றாகக் கழன்று தனித்தனியாகப் போயின. மூன்று முயல்கள் ஆளுக்கொரு மூங்கிலைப் பிடித்துத் திட்டுக்கே வந்து ஒதுங்கின. நான்காவது வரவில்லை. அது வேலமரத்து முயல்களின் தலைவியான தவிட்டியின் தங்கை.

மேட்டில் இருந்து மற்ற கூட்டம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தலைவர் ஒற்றைக்காது. நரியிடம் ஒரு காதை விட்டுவிட்டு உயிரோடு வந்த முயல்.

"மீன்குறியில ஏறினா வேற என்ன ஆகும்? நல்லவேளை, நம்மகிட்ட இருக்கிறது இலைக்குறி," என்றது ஒற்றைக்காது. சுற்றி நின்ற முயல்கள் சிரித்தன.

செங்கொண்டைக்கு உண்மை தெரியும். ஒரே மூங்கில், ஒரே கொடி. நாளை மறுநாள் தண்ணீர் மேட்டைத் தொடும். அப்போது நாற்பது முயல்களும் அவற்றின் குட்டிகளும் இந்தத் தெப்பங்களில்தான் ஏறும். அது நேராக முள்ளாண்டியிடம் பறந்தது.

"அண்ணே, மேட்டுக்காரங்ககிட்ட சொல்லணும்."

முள்ளாண்டி வளை வாசலில் சுருண்டு கிடந்தது. செய்தி அதற்கு ஏற்கெனவே வந்துவிட்டது. உடைந்த மூங்கில் ஒன்று அதன் கரையிலேயே வந்து ஒதுங்கியிருந்தது.

"நான் எப்படிப் போவேன்? நடுவுல ஆறு ஓடுது."

"நான் போறேன். ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிடறேன்."

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? அவங்க ஏறுனதுல நாங்களான்னு அடுத்த வருஷம் ஒரு கூட்டம் ஏறவே ஏறாது. மறுபடி குட்டிங்க சாகும். அந்த அஞ்சை மறந்துட்டியா?"

"மறக்கலண்ணே. ஆனா நாளன்னிக்கு நாப்பது இருக்கே."

முள்ளாண்டி கரையில் ஒதுங்கிய மூங்கிலைப் பார்த்தது. கடைசியில், "கட்டும்போதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு தம்பி," என்று மட்டும் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

செங்கொண்டை மேட்டுக்குப் பறந்தது. குட்டிகள் இலைக்குறித் தெப்பத்தின் மேல் ஏறிக் குதித்து விளையாடிக்கொண்டிருந்தன. அது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னது. ஒற்றைக்காது கேட்டுவிட்டுத் தலையை ஆட்டியது.

"பள்ளத்துக்காரங்க சொல்லி அனுப்பினாங்களா?"

"யாரும் அனுப்பல பெரியவரே. ரெண்டு குறியையும் கொத்தினது நான்தான்."

"என் அப்பா இலைக்குறி, அவரு அப்பா இலைக்குறி. அதுவும் அவங்க ஏறுறதும் ஒண்ணுன்னு நேத்து வந்த பறவை சொன்னா நான் நம்பணுமா? போ, வேற வேலையைப் பாரு."

முன்பு ஊரை ஏமாற்ற இரண்டு கொத்து போதுமானதாக இருந்தது. இப்போது உண்மையைச் சொல்லத் தொண்டை கிழியக் கத்தியும் போதவில்லை. செங்கொண்டைக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அதற்கு முள்ளாண்டியின் பல் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் பாறையைக் கடித்து முள்ளாண்டியின் முன்பல்லில் ஒரு மூலை உடைந்து போயிருந்தது. அதனால் அது அரிந்த மூங்கில் ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு மெல்லிய கோடு மேடாக நிற்கும். அதை மறைக்க யாரும் நினைத்ததில்லை. குறியைப் பார்ப்பவர்கள் முனையையா பார்க்கப் போகிறார்கள்?

செங்கொண்டை பள்ளத்துக்குப் போனது. உடைந்த தெப்பத்தின் மூங்கில் அங்கேதான் இருந்தது. தவிட்டி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, வேலமரத்தில் படர்ந்திருந்த நல்ல கட்டுக்கொடியைக் கடித்து இழுத்து, மீதித் தெப்பங்களை மறுபடி கட்டிக்கொண்டிருந்தது. செங்கொண்டை சொன்னதைக் கேட்டு அதன் வாயில் இருந்த கொடி நழுவியது.

"அப்போ இத்தனை வருஷமா நாங்க ஏறினது அவங்க தெப்பமா?"

"ஆமாக்கா. என் மேலயும் தப்பு இருக்கு. அந்தக் கொடியைப் பத்தி நான் கேட்டிருக்கணும். கேக்கல."

தவிட்டி அதைப் பார்த்த பார்வையில் செங்கொண்டை கிளையோடு ஒட்டிக்கொண்டது.

"என் தங்கச்சி போனப்போ அவங்க சிரிச்சாங்க. எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும்க்கா."

"அவங்க தெப்பத்தைப் பார்த்தே அவங்க சிரிச்சிருக்காங்க," என்றது தவிட்டி. நழுவிய கொடியைத் திரும்ப எடுத்து முடிச்சை இறுக்கியது. பிறகு கேட்டது. "அங்க குட்டிங்க எத்தனை?"

"பதினேழு."

தவிட்டி கொடியை விட்டது. மீன் குறி போட்ட உடைந்த மூங்கிலை வாயில் கவ்வி, சேற்றில் இழுத்துக்கொண்டே மேடு ஏறியது. அந்தச் சண்டை தொடங்கிய நாளில் இருந்து ஒரு பள்ளத்து முயல் மேட்டில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மேட்டு முயல்கள் வழி விட்டு ஒதுங்கின. யாரும் சிரிக்கவில்லை.

"இதுக்குப் பக்கத்துல உங்க தெப்பத்தைத் தள்ளி வையுங்க," என்றது தவிட்டி. "குறியைப் பாக்காதீங்க. முனையைப் பாருங்க."

ஒற்றைக்காது குனிந்து பார்த்தது. மீன்குறி மூங்கிலின் முனையில் ஒரு கோடு. இலைக்குறி மூங்கிலின் முனையிலும் அதே இடத்தில் அதே கோடு. அடுத்த தெப்பத்துக்குப் போனது. அங்கும் இருந்தது. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பார்த்தது. பிறகு மழையில் நனைந்திருந்த ஒரு கொடிக்கட்டைப் பல்லால் பிடித்து லேசாக இழுத்தது. முடிச்சு அப்படியே நெகிழ்ந்து பல்லோடு வந்தது.

"இலைக்குறி லேசானதுன்னு சொல்வாங்களே..." என்றது ஒற்றைக்காது.

"எங்க வீட்டுல மீன்குறி கனமானதுன்னு சொன்னாங்க," என்றது தவிட்டி. "நல்ல கொடி எங்க மரத்துலதான் இருக்கு. பாதி முழுகிடுச்சு. மீதியும் முழுகுறதுக்குள்ள வாங்க."

பொழுது சாயும் வரை இரண்டு கூட்டமும் ஒரே தண்ணீரில் நின்று கொடி இழுத்தன. யார் கட்டியது யார் தெப்பம் என்று பார்க்க நேரமில்லை. மறுநாள் விடிந்ததும் எல்லாத் தெப்பங்களும் புறப்பட்டன. செங்கொண்டை ஒவ்வொரு கட்டுக்கும் மேலே தாழப் பறந்து பார்த்துக்கொண்டே வந்தது. ஒரு கட்டும் அவிழவில்லை. பதினேழு குட்டிகளும் கரை ஏறின.

கரையில் முள்ளாண்டி முட்களைப் படிய வைத்துக்கொண்டு நின்றது. தவிட்டி அதன் எதிரே போய் நின்றது.

"கொடி கெட்டுப்போறது யாருக்கும் நடக்கும். ஒரே தெப்பத்துக்கு ரெண்டு குறி போட்டதையும் எங்க வீம்புக்காகப் போட்டேன்னு விட்டுடறேன். ஆனா உனக்குச் சந்தேகம் இருந்திருக்குன்னு செங்கொண்டை சொல்லிடுச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் தங்கச்சி இங்க நிப்பா."

முள்ளாண்டி மிச்சமிருந்த மஞ்சள் கொடியை வளையில் இருந்து இழுத்து வந்து ஆற்றில் போட்டது.

அடுத்த கோடையில் முள்ளாண்டி வழக்கமான கட்டுக்கொடியால் புதிய தெப்பங்கள் கட்டியது. இரண்டு கூட்டமும் ஒரே நாளில் வந்தன. என்ன குறி போடுவது என்று செங்கொண்டை தயங்கியபடி கேட்டது.

"இலையே இருக்கட்டும். குட்டிங்களுக்குப் பழகிப் போச்சு," என்றது ஒற்றைக்காது, கொஞ்சம் வெட்கத்தோடு.

எல்லாம் தவிட்டியைப் பார்த்தன.

"எங்களுதுல மீன் போடு. ஆசைக்கு இருந்துட்டுப் போகட்டும்," என்றது தவிட்டி. "ஆனா பல் கோடு இருக்குற முனை மேல தெரியற மாதிரி எல்லாத் தெப்பத்தையும் கட்டணும். எங்க தெப்பத்துல ஒரு முடிச்சு அவிழ்ந்தா, மேட்டுல இருக்கிறவங்க அன்னிக்கே அவங்க முடிச்சை இழுத்துப் பாக்கணும்."

செங்கொண்டை தலையாட்டிவிட்டு மீனைக் கொத்தத் தொடங்கியது. தவிட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அது குறியைப் பார்க்கவே இல்லை. கொடியைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

செய்த கை ஒன்றென்றால் பெயரும் குறியும் எத்தனை மாறினாலும் குறையும் ஒன்றுதான். அதனால் அடுத்தவருக்கு வந்த கேட்டைப் பார்த்துச் சிரிக்கும் முன், நம்முடைய முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதே அறிவு.