புலியின் ரத்தமும் அரசனின் தோலும்

முன்னொரு காலத்தில் மலையடிவார நாடு ஒன்றை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்குப் பல்லக்குக் கொடுப்பான். மாலையில் அவனையே நாடு கடத்துவான். அவனிடம் மந்திரியாக இருந்தே மருதவாணருக்குத் தலை நரைத்துவிட்டது.

அந்த வருஷம் நாட்டில் ரத்தபேதி பரவியது. அரண்மனை வைத்தியர்கள் ஏழைத் தெருக்களில் கால் வைக்கவில்லை. அவர்களைத் தவிர வேறு யாராவது மருந்து கொடுத்தால் கையை வெட்டுவது சட்டம். அப்படியும் பூவணத்தாள் என்ற பெண் குடிசை குடிசையாகக் கசாயம் கொண்டுபோனாள். காவலர்கள் சந்தேகப்பட்டு அவளைப் பிடித்தபோது கையில் கசாயம் இல்லை, மடியில் ஓர் ஓலைச்சுவடி மட்டும் இருந்தது.

மந்திரியைக் கண்டாலே ஆகாத அவைப்புலவர் சடாதரர் அதைப் பிரித்து, சபை நடுங்க வாசித்தார்.

"'அரசன் தோலை உரி. புலியின் ரத்தம் எடு. புலி சாகக்கூடாது, அடுத்த வருஷமும் வேண்டும். யானையின் பாலைச் சேர். குதிரையின் கொழுந்தைக் கிள்ளிப் போடு. சுண்டக் காய்ச்சு.' சூனியம், மகாராஜா! உங்கள் தோலுக்கே குறி வைத்திருக்கிறாள்!"

ராஜா தன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "என்னடி இது?"

பூவணத்தாள் வாய் திறக்கவில்லை. மருந்து என்று சொன்னால் கை போகும்.

மருதவாணர் எழுந்தார். "அமாவாசை வரை பொறுங்கள், அரசே. இதன் பொருளைக் கண்டுபிடித்துச் சொல்கிறேன்."

"சரி, அமாவாசை வரை."

ரத்தம் எடுத்தும் சாகாத புலி எது? அந்த வரியையே நினைத்தபடி மருதவாணர் மலைச்சரிவில் நடந்தார். வழியில் யாரோ கொத்திவிட்டுப்போன ஒரு மரம். வெட்டுவாயில் சிவப்பாகப் பிசின் வடிந்துகொண்டிருந்தது. வேங்கை மரம்! வேங்கை என்றால் புலிதானே! உடனே மற்றவையும் விளங்கின. பட்டை, பிசின், கொழுந்து எல்லாவற்றையும் மேல்துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு, மூச்சிரைக்கக் கீழே ஓடிவந்தார்.

கோட்டை வாசலில் பூவணத்தாளின் தலையை வைத்திருந்தார்கள்.

"ராஜாவுக்கே பேதி கண்டுவிட்டது, ஐயா," என்றான் காவலன். "சூனியம் வேலை செய்கிறது என்றார் புலவர். ராஜா அமாவாசை வரை பொறுக்கவில்லை."

மருதவாணர் கசாயத்தைக் காய்ச்சிக்கொண்டு ராஜாவின் கட்டிலருகே போனார். கிண்ணத்தைப் பிடித்த கை ஒரு கணம் நின்றது. கொடுக்காமலே விட்டால்தான் என்ன? பிறகு புகட்டினார்.

ராஜா பிழைத்தான். சபை கூடியதும், "என்ன மருந்து, மந்திரி?" என்று கேட்டான்.

"அதற்கு முன் புலவரிடம் ஒரு சந்தேகம். வேங்கை என்றால் என்ன, புலவரே?"

சடாதரர் நெஞ்சை நிமிர்த்தினார். "புலி. ஒரு மரமும் உண்டு."

"அத்தி?"

"மரம். யானையையும் குறிக்கும்."

"மா?"

"மாமரம், குதிரை... பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"அரசு?"

புலவர் சபை வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"அரசமரம்," என்றார் மருதவாணர். "அரசன் தோலை உரித்தேன், புலியின் ரத்தம் எடுத்தேன், காய்ச்சி உங்கள் வாயில்தான் ஊற்றினேன், அரசே. சட்டத்துக்குப் பயந்து அவள் மரங்களின் பெயரை இப்படி மாற்றி எழுதினாள். இவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே வாசித்தார்."

ராஜா கொதித்தான். புலவருக்கு மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றச் சொன்னான். சபை கைகொட்டிச் சிரித்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான்.

"மாலை வேண்டாம், அரசே. மருந்து கொடுத்தால் கையை வெட்டும் சட்டத்தை எடுத்துவிடுங்கள்."

ராஜா அரண்மனை வைத்தியர்களின் முகத்தைப் பார்த்தான். "அது வேறு விஷயம். வேறு கேள்."

"இந்த மருந்தையாவது ஊருக்குச் சொல்லுங்கள். அவள் பெயரோடு."

"சொல்லிவிட்டால் போயிற்று!"

மறுநாள் மருதவாணர் வீட்டு வாசலில் நின்று கேட்டார். தெருவில் முரசு வந்தது.

"மகாராஜா மகுடவர்மர் தம் திருவாயால் அருளிய பேதி மருந்து! அரசம்பட்டை, வேங்கைப் பிசின், அத்திப்பால், மாங்கொழுந்து!"

இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி, "இது பூவணத்தாள் எங்களுக்குக் கொடுத்த கசாயமாச்சே?" என்றாள்.

முரசுக்காரன் மந்திரியைத் திரும்பிப் பார்த்தான். அவர் கழுத்தில் முத்துமாலை இருந்தது. அவர் வீட்டுக்குள் திரும்பினார். முரசுக்காரன் முன்னைவிடப் பலமாக அடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனான்.