நான்கு புரதங்களும் ஜன்னலோர இருக்கையும்

நுரையீரல் புற்றுநோய்க் கட்டியில் நான்கு புரதங்களை அளந்தால், நோய் எப்படிப் போகும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். டாக்டர் ஹனீபா ஆறு வருடம் பாடுபட்டுக் கண்டது அது.

ஒரு நாள் முடிவுத் தாளோடு தன் ஆசான் டாக்டர் இசக்கியம்மாளிடம் போய் நின்றார்.

"மேடம், பஸ் டிரைவர் சுடலைமணிக்கு நாலு புரதமும் மோசமா இருக்கு. ஒரு வருஷம் தாண்டுறது கஷ்டம். எவ்வளவு நாள்னு அவரே கேக்கார். சொல்லலாமா?"

"என்கிட்ட ஏன் கேக்கீங்க? அவர் அங்கல்லா இருக்கார்."

ஆசான் எழுந்து வார்டுக்கு நடந்தார்; ஹனீபாவும் பின்னால் போனார். சுடலைமணியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மனைவி பேச்சியம்மாள் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணாச்சி, தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

"முப்பது வருஷம் பஸ் ஓட்டுனேன், டாக்டரம்மா. ஊரே ஏறி இறங்குச்சு. இவள ஜன்னலோரமா உக்கார வச்சு, நான் பக்கத்துல உக்காந்து ஒரு தடவைகூட போனதில்ல. ரிட்டயர் ஆனப்புறம்னு தள்ளிட்டே வந்துட்டேன். இன்னும் தள்ளலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

ஆசான் ஹனீபாவைப் பார்த்தார்.

ஹனீபா முடிவுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"தள்ளாதீங்க. உங்கள மாதிரி நூறு பேர்ல எண்பது பேர் ஒரு வருஷம் தாண்டல. நீங்க எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. மருந்த மட்டும் விட்டுறாதீங்க."

சுடலைமணி மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏளா, எந்த ஊருக்குப் போவோம்?"

ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே இருபத்தொரு நாள். தெம்பு வந்தபோதெல்லாம் இருவரும் பஸ் ஏறினார்கள். குற்றாலம், வேளாங்கண்ணி, மைசூர் என்று போய்க்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாம் வருடம், பரிசோதனை முடிந்து ஹனீபாவின் அறைக்கு வந்தார்கள். பேச்சியம்மாள் ஒரு பொட்டலம் சில்லுக்கருப்பட்டியை நீட்டினாள்.

"இவுக கூட பஸ்ல போனா மானம் போவுது சார். எந்த டிரைவரையும் ஓட்ட விட மாட்டேங்காவ. கியர மாத்து, கியர மாத்துன்னு பின்னாலருந்து ஒரே சத்தம்!"

ஹனீபா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர்கள் போனதும் பொட்டலத்தோடு ஆசானிடம் ஓடினார்.

"மேடம், என் கணிப்பு இவர்கிட்ட தோத்துப் போச்சு! இவரைப் பத்தி ஆய்வேட்டுல என்னன்னு எழுத?"

ஆசான் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"இப்ப எங்க கிளம்பிட்டாங்க?"

"ராமேஸ்வரம்."

"அப்ப, வெளியூர் போயிருக்கார்னு எழுதுங்க."