ஓடக்காரனின் நாற்பது ஓலைகள்

நடு ஆற்றில் ஓடம் கவிழ்ந்து வரி அதிகாரி செத்துப்போனார். ஓட்டிவந்த மாசிலன் நீந்திக் கரையேறினான். அவனைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

அதற்கு முன் அவன் தன் அக்காளுக்கு எழுதியிருந்த நாற்பது ஓலைகள் அகப்பட்டன. அமைச்சர் அவற்றைச் சொல்லாராயும் புலவர் இடங்கழியிடம் கொடுத்து, கொல்லும் எண்ணம் தெரிகிறதா பார்த்துச் சொல்லச் சொன்னார். தெரிந்தால் மாசிலனின் தலை தப்பாது.

இடங்கழி மூன்று நாள் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்தார். எந்தச் சொல்லின் பக்கத்தில் எந்தச் சொல் வருகிறது என்று ஓலை நறுக்குகளில் எழுதி அடுக்கினார். அதிகாரியின் பெயர் வந்த இடமெல்லாம் ஆழம், சுழல், இருட்டு என்றே வந்தது. எண்ணம் உண்டு என்று எழுதி அனுப்பிவிட்டார்.

அனுப்பிய பிறகு மனசு கேட்கவில்லை. குரு செங்கமலத்தம்மையிடம் போனார். அம்மை இவரைவிடப் பத்து வயது இளையவர். சொற்களைப் பிரித்துப் பார்க்க இவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"நான் பிரித்ததில் பிழை உண்டா, தாயே?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மை கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு நறுக்காகப் பார்த்தார். பிழை இல்லை என்றார்.

"அமைச்சர் என்ன கேட்டார்?"

"கொல்ல நினைத்தானா என்று கேட்டார்."

"பயந்தானா என்று கேட்டதாக வைத்துக்கொண்டு இன்னொரு தடவை அடுக்குங்கள்."

இந்த வயதில் மறுபடியும் முதல் பாடமா என்று இடங்கழி முனகினார். தாடி நரைத்தால் பாடம் தீர்ந்துவிடுமா என்று கேட்டுவிட்டு அம்மை கீரைக்குத் திரும்பினார்.

அதே நறுக்குகள்தான். ஆழமும் சுழலும் இருட்டும் ஒன்று மிச்சமில்லாமல் பயத்தின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டன. ஓடத்தில் ஓட்டை என்றும், அதிகாரி சுமைக்கு மேல் சுமை ஏற்றச் சொல்லி அதட்டுகிறார் என்றும் பதினோரு ஓலைகளில் இருந்தது. முதல் தடவையும் அதைப் படித்திருந்தார்.

எழுந்து அரண்மனைக்கு ஓடினார்.

"உங்கள் ஓலை காலையிலேயே வந்துவிட்டதே, ஐயா. அப்போதே அவனை முடித்துவிட்டார்கள்" என்றான் காவலாளி.

மதிலோரம் மாசிலனின் அக்காள் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கடந்து வர இடங்கழிக்குக் கால் வரவில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு திரும்பினார்.

நேரே அம்மையிடம் வந்தார்.

"அவன் உண்மையில் என்னதான் நினைத்தான், தாயே?"

"மூன்று நாள் அவன் உங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிச் சிறையில் உயிரோடு இருந்தான்" என்றார் அம்மை. "நீங்கள் போய்க் கேட்கவில்லை."